வேப்பெண்ணெய்க் கரைசலால் கொசுப்புழுவை ஒழிக்க: மதுரைப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புரட்டாசியில் மேகம் திரண்டதுமே இங்கே பலர் செய்கிற முதல் வேலை, நாட்டு மருந்துக் கடையில் ஒரு பாட்டில் வேப்பெண்ணெய் வாங்கிவந்து வாசல் சாக்கடையில் ஊற்றுவது. எண்ணெய் நல்லதுதான். ஆனால் டெங்கு கொசு அந்தச் சாக்கடையில் பிறப்பதில்லை, வீட்டுக்குப் பின்னால் மூடி இல்லாமல் நிற்கும் டிரம்மில் பிறக்கிறது.

மூலிகைப் பொருள்களால் கொசுவைக் கட்டுப்படுத்த முடியும், வரிசை மாறினால் முடியாது. தண்ணீரைக் கொட்டுவது, பாத்திரத்தைத் தேய்ப்பது, மூடுவது என்ற மூன்றும் முடிந்த பிறகு, கொட்டவும் வழியில்லாமல் மூடவும் வழியில்லாமல் மிஞ்சுகிற தண்ணீருக்குத்தான் கரைசல். தோலில் பூசுவதும் புகை போடுவதும் அதற்கும் பின்னால். கீழே அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன், ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குப் போகாதீர்கள்.

1. எந்தக் கொசு என்று பாருங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கினால் தப்பான இடத்தில் மருந்து ஊற்றுவீர்கள். காலிலும் உடம்பிலும் வெள்ளை வரி, கடிப்பது பகலில், அதிலும் காலை வெயில் ஏறும் முன்பும் பொழுது சாயும் முன்பும் அதிகம் என்றால் அது ஏடிஸ் எஜிப்டி. டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் பரப்புவது இதுதான். குடிக்கவும் புழங்கவும் பிடித்து வைக்கிற சுத்தமான தண்ணீர்தான் இதற்கு வேண்டும்.

ராத்திரி காதருகில் ரீங்காரம் போடுகிற பழுப்பு நிறக் கொசு கியூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது. இது சாக்கடை, செப்டிக் டேங்க், தேங்கிய வாய்க்கால் ஆகியவற்றில் பெருகும். பந்தல்குடி, கிருதுமால் வாய்க்கால் ஓரத்து வீடுகளில் உள்ளவர்களுக்கு இதைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது அனாபிலஸ், மலேரியாக் கொசு. நகரத்தில் கிணறும் மாடித் தொட்டியும் இதன் இடங்கள். சுவரில் உட்காரும்போது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும்.

புழுவாக இருக்கும்போதே வேறுபாடு தெரியும். அனாபிலஸ் புழு தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் படுத்துக் கிடக்கும், மற்ற இரண்டும் தலைகீழாகத் தொங்கும். தொட்டியின் அடி வண்டலில் நெளிகிற சிவப்பு நிறப் புழுவைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய. அது கடிக்காத ஒரு ஈயின் புழு, அதற்கு மருந்து வேண்டாம்.

2. கையில் இருக்க வேண்டியவை

டார்ச் லைட், வெள்ளை நிறக் கிண்ணம் (புழு கறுப்பாகத் தெரிய), நைலான் பிரஷ் அல்லது தேங்காய் நார், பிளீச்சிங் பவுடர், கையுறை, நெருக்கமாக நெய்த பழைய வேட்டித் துணி, கயிறு. அளப்பதற்கு மருந்துக் கடையில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மூடியில் அளப்பது, ‘கொஞ்சம்’ என்று கண்ணால் அளப்பது எல்லாம் வேலைக்கு ஆகாது.

எண்ணெய் வாங்குவதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். கீழமாசி வீதிப் பக்கம் பலசரக்குக் கடைகளில் விளக்கேற்ற விற்கிற வேப்பெண்ணெய் பல சமயம் வேறு எண்ணெய் கலந்தது, விளக்குக்குப் போதும், புழுவுக்குப் போதாது. செக்கில் சூடேற்றாமல் ஆட்டிய, சுத்திகரிக்காத எண்ணெயாகக் கேளுங்கள். கடுமையான கசப்பு வாடையும் கலங்கிய பழுப்பு நிறமும் இருக்கும். இல்லையென்றால் உரக் கடையில் பயிர்ப் பாதுகாப்புக்காக விற்கும் வேப்பெண்ணெய் மருந்து வாங்கலாம், அதன் லேபிளில் அசாடிராக்டின் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று போட்டிருக்கும். வேலை செய்கிற சரக்கு பெரும்பாலும் அந்த அசாடிராக்டின்தான். ஆனால் இந்த மருந்துகளில், எண்ணெயைத் தண்ணீரோடு சேர்க்கிற குழைப்பான் ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள், எனவே நான் கீழே சொல்லும் அளவை விட்டுவிட்டு லேபிளில் உள்ள அளவையே பின்பற்றுங்கள்.

வாங்கியதை வெயில் படாத இடத்தில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வேப்பெண்ணெய் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே கைக்குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பூச்சி மருந்துக்குக் கொடுக்கிற மரியாதையை இந்த பாட்டிலுக்கும் கொடுங்கள்.

3. வீட்டைச் சுற்றி வந்து தண்ணீர் நிற்கும் இடங்களைப் பிடியுங்கள்

கரைசல் கலக்கும் முன் இந்தச் சுற்று கட்டாயம். கலக்கியது சில மணி நேரத்துக்குள் வீணாகத் தொடங்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடக் கூடாது. மாடியிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். அப்படி வந்தால் எதுவும் விட்டுப்போகாது.

மாடித் தொட்டியின் மூடி விரிசல், சன்ஷேடில் இலை அடைத்துத் தேங்கிய மழைநீர், பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, கோடையில் ஓட்டிவிட்டு மூலையில் தள்ளிய ஏர் கூலர், மணிப்பிளான்ட் பாட்டில், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி, உரல், டயர், தேங்காய்ச் சிரட்டை, எறும்பு ஏறாமல் இருக்க அலமாரிக் கால்களுக்கு அடியில் வைத்த கிண்ணம், தண்ணீர் மீட்டர் குழி. கடைசி மூன்றும்தான் அடிக்கடி விட்டுப்போகிறவை. வீட்டுக்குள்ளே இருக்கும் கிண்ணத்தில் கொசு முட்டை வைக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

டிரம்மைப் பார்க்கும் விதமும் முக்கியம். எட்டிப் பார்த்ததும் உங்கள் நிழல் பட்டு ஏடிஸ் புழு சடாரென்று அடிக்குப் போய்விடும், அங்கேயே கொஞ்ச நேரம் கிடக்கும். ‘ஒன்றுமில்லை, தெளிவாக இருக்கிறது’ என்று மூடிவிட்டுப் போகிறவர்கள் அந்த அவகாசத்தில் ஏமாந்தவர்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நில்லுங்கள். மூச்சுக்காக மேலே வந்தே தீரும்.

பார்த்ததை ஒரு தாளில் எழுதுங்கள், எந்த இடம், எத்தனை லிட்டர் இருக்கும், புழு உண்டா, கூட்டுப்புழு உண்டா என்று. கூட்டுப்புழு காற்புள்ளி மாதிரி வளைந்து, மேல்மட்டத்தில் குதித்துக்கொண்டிருக்கும். அது இருந்தால் ஓரிரு நாளில் அங்கிருந்து கொசு பறக்கப்போகிறது என்று அர்த்தம், அந்த இடம்தான் முதலில்.

4. கொட்டுங்கள், தேயுங்கள், காயவிடுங்கள்

கொட்ட முடிகிறதையெல்லாம் கொட்டிவிடுங்கள். சாக்கடையில் கொட்டாமல் வெயில் படுகிற காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். சாக்கடையில் தண்ணீர் தேங்கி நின்றால் புழு சாகாமல் அங்கே பிழைத்துக்கொள்ளும், மண்ணில் கொட்டினால் சில நிமிடத்தில் முடிந்தது.

கொட்டியதோடு நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கிற தப்பு. ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீரில் போடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. கறுப்பாக, மிளகுத் தூளைவிடச் சிறிதாக இருக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். பங்குனியில் காலியான டிரம் ஐப்பசி மழையில் நிரம்பியதும் எங்கிருந்து புழு வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

எனவே வாரம் ஒரு முறை, உள்சுவரை நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தண்ணீர் மட்டம் நின்ற கோட்டுக்கு மேலேயும் கீழேயும் ஒரு சாண் விட்டுவிடாதீர்கள். அப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் ஒரு தடவை கழுவி, நன்றாக அலசி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்துவிட்டு நிரப்புங்கள். ஏன் வாரம் ஒரு முறை என்றால், நம்ம ஊர் வெயிலில் முட்டை பொரித்துப் புழுவாகிக் கூட்டுப்புழுவாகிக் கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். 7 நாளுக்குள் ஒரு தடவை குறுக்கே வெட்டிவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். குழாயில் தண்ணீர் தினமும் வராத தெருவாக இருந்தால், தண்ணீர் வருகிற நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் இதற்குச் சரியான நேரம், டிரம் அப்போது எப்படியும் காலியாகத்தான் இருக்கும்.

டயரில் துளை போடுங்கள், அல்லது தூக்கி எறியுங்கள். மரப்பொந்து, மூங்கில் குருத்து வெட்டிய அடி போன்றவற்றை மணல் போட்டு மூடுங்கள். இதற்கெல்லாம் மருந்து தேடுவது நேர விரயம்.

5. மூடுங்கள்

டிரம்மின் மேல் தட்டை வைப்பது மூடுவது ஆகாது, ஓரத்தில் விரல் நுழைகிற இடைவெளியில் கொசு சாதாரணமாக நுழையும். வேட்டித் துணியை இழுத்துக் கட்டி, அதன் மேல் மூடியை வையுங்கள். துணி தொய்ந்து தண்ணீரில் படக் கூடாது, தொய்ந்த துணியின் மேல் தேங்கும் தண்ணீரிலேயே முட்டை வைத்த டிரம்கள் உண்டு. மாடித் தொட்டியின் வழிகுழாய் வாயில் கொசுவலைத் துண்டு கட்டுங்கள்.

செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் உச்சியில் நைலான் வலை கட்டுவதை மறக்காதீர்கள். ராத்திரிக் கொசுவுக்கு ஒரே நாளில் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை அதுதான், செலவும் சில ரூபாய்.

6. கரைசல் கலக்கும் முறை

இப்போது தாளை எடுத்துப் பாருங்கள். கொட்டவும் மூடவும் முடியாமல் மிச்சம் என்ன? அநேகமாக ஆட்டுக்கல் குழி, எறும்புக் கிண்ணம், மீட்டர் குழி, ஓட்டமில்லாத வாசல் சாக்கடை, பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குத் தோண்டி மழையில் நிரம்பிய குழி. இவற்றுக்கான கரைசல் இது.

1 லிட்டருக்கு: வேப்பெண்ணெய் 30 மி.லி., பாத்திரம் கழுவும் திரவ சோப்பு 10 மி.லி. இரண்டையும் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் விட்டு, ஒன்றாகச் சேர்ந்து குழம்பு போல ஆகும்வரை கலக்குங்கள். பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே அடியுங்கள், மத்து இருந்தால் நல்லது. பால் மாதிரி வெளுத்து, மேலே எண்ணெய்த் துளி மிதக்காமல் இருந்தால் சரி.

வரிசையை மாற்றி, தண்ணீரில் எண்ணெயை ஊற்றிவிட்டு அதன்மேல் சோப்பைப் போட்டால் சேராது. எண்ணெய் மேலே திட்டுத்திட்டாக நின்று ஓரத்தில் ஒதுங்கிவிடும், புழு அதற்கு அடியிலும் நடுவிலும் நிம்மதியாக மேயும். புழு தண்ணீரோடு சேர்த்து விழுங்கினால்தான் வேப்பெண்ணெய் வேலை செய்யும், அதற்காகத்தான் பால் போலக் கரைக்கிறோம்.

இன்னொன்று, எந்தத் தண்ணீரில் கலக்குகிறீர்கள் என்பது. ஆனையூர், அவனியாபுரம் பக்கமெல்லாம் போர்த் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு சரியாக நுரைக்காது, கரைசலும் பிரிந்துவிடலாம். குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரையோ மழைநீரையோ எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழிக் காலையில் எண்ணெய் உறைந்தால் பாட்டிலை வெந்நீரில் வைத்து இளக்குங்கள், அடுப்பில் ஏற்றாதீர்கள். சூடு பட்டால் அசாடிராக்டின் கெடும்.

கலக்கியதை அன்றைக்கே ஊற்றிவிடுங்கள். வாரத்துக்கென்று மொத்தமாகக் கலக்கி வைத்தால் வாடைதான் மிஞ்சும்.

வேப்ப மரம் வைத்திருக்கிறவர்கள் எண்ணெயே வாங்க வேண்டாம். ஆனி, ஆடியில் உதிரும் பழத்தைப் பொறுக்கிச் சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் காயவைத்துச் சாக்குப்பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூசணம் பிடிக்கும். அறுவடையாகி 3 மாதம் ஆனதிலிருந்து 8 மாதம் வரைக்குள் உள்ள கொட்டையில்தான் சத்து சரியாக இருக்கும், ஆக ஆடிக் கொட்டை ஐப்பசி மழைக்குச் சரியாகத் தயார். ஓட்டை உடைத்துப் பருப்பை மட்டும் 50 கிராம் இடித்து, துணியில் முடிந்து, 1 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுவதும் ஊறவிட்டுக் காலையில் பிழிந்து வடிகட்டுங்கள். கொஞ்சம் சோப்பு சேருங்கள். பயிருக்கு அடிக்கிற 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல்தான் இது, விவசாயிகளுக்குப் புதிதல்ல.

வேப்பிலையைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இலையில் அசாடிராக்டின் மிகக் குறைவு, உள்ளதும் கொதியில் போய்விடும். அதைவிட மோசம், இலை அழுகிய தண்ணீரின் வாடைக்கு கியூலெக்ஸ் கொசு முட்டை வைக்கத் தேடி வரும். கொசுவைப் பிடித்து ஆராய்கிறவர்கள் புல்லையும் இலையையும் ஊறவைத்த தண்ணீரைத்தான் பொறிக்குள் வைக்கிறார்கள். கொசுவை விரட்டுவதாக நினைத்து அழைப்பு வைக்கிறீர்கள்.

சீத்தாப்பழக் கொட்டையை அரைத்து ஊற்றச் சொல்கிறவர்களும் உண்டு. புழுவைக் கொல்லும், உண்மைதான். ஆனால் அந்தப் பொடி துளி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகி நாள்கணக்கில் கண்ணைத் திறக்க முடியாது. வீட்டில் மிக்ஸியில் அரைக்கிற பொருளல்ல அது.

7. ஊற்றும் முன் மக்கில் சோதியுங்கள்

நீங்கள் வாங்கிய எண்ணெய் வேலை செய்கிறதா என்று வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது. இரண்டு மக்கில், புழு உள்ள அதே தண்ணீரைத் தலா 1 லிட்டர் எடுங்கள். ஒவ்வொன்றிலும் சிறிய புழுவாகப் பார்த்து இருபது விடுங்கள். கூட்டுப்புழு வேண்டாம், அது எதையும் தின்பதில்லை என்பதால் வேப்பெண்ணெய் அதை அவ்வளவாகத் தொடாது. ஒரு மக்கில் மட்டும் 10 மி.லி. கரைசல் விட்டு, இரண்டின் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டி நிழலில் வையுங்கள்.

மறுநாள் காலையில் திறந்து பார்த்து, ‘புழு இன்னும் நெளிகிறது, எண்ணெய் டூப்பு’ என்று மொத்த பாட்டிலையும் கவிழ்க்கிறார்கள். பொறுங்கள். வேப்பெண்ணெய் உடனே கொல்லும் விஷம் இல்லை. புழு தோல் உரித்து அடுத்த நிலைக்கு வளர்வதைக் கெடுக்கிறது, அதனால் சில நாள் புழுவாகவே கிடந்து, தோல் உரிக்க முடியாமல் சாகும். நீங்கள் பார்க்க வேண்டியது பத்து நாள் கழித்து, துணிக்கு அடியில் எத்தனை கொசு பறக்கிறது என்பதை. வெறும் தண்ணீர் மக்கில் பெரும்பாலானவை கொசுவாகியிருக்கும், கரைசல் மக்கில் ஒன்றிரண்டுக்கு மேல் இருந்தால் எண்ணெய் சரியில்லை, கடையை மாற்றுங்கள். முடிந்ததும் துணியை அவிழ்க்காமலே மேலே வெந்நீர் ஊற்றுங்கள்.

சோதனை முடியும்வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாம், கொட்டுவதும் தேய்ப்பதும் நடந்துகொண்டே இருக்கட்டும்.

8. ஊற்றும் அளவும் இடைவெளியும்

10 லிட்டர் நிற்கிற தண்ணீருக்கு 100 மி.லி. கரைசல். குழியில் எத்தனை லிட்டர் என்று தெரிய, நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000 ஆல் வகுங்கள். 100 நீளம், 60 அகலம், 20 ஆழம் என்றால் 120 லிட்டர், அதற்கு 1.2 லிட்டர் கரைசல். ஒரே இடத்தில் கவிழ்க்காமல் பரவலாகத் தெளித்து ஒரு குச்சியால் கலக்குங்கள்.

7 நாளுக்கு ஒரு முறை மறுபடி ஊற்ற வேண்டும். அசாடிராக்டின் வெயிலில் வேகமாகச் சிதையும், எனவே வெயில் தாழ்ந்த பிறகு ஊற்றுங்கள். நடுவில் கனமழை பெய்து தண்ணீர் வழிந்தோடியிருந்தால் 7 நாள் கணக்குப் பார்க்காமல் உடனே ஊற்றுங்கள்.

சாக்கடையில் ஊற்றுவதாக இருந்தால் முதலில் அடைப்பை எடுத்து ஓடவிடுங்கள். ஓடுகிற சாக்கடைக்குக் கரைசல் தேவையே இல்லை, ஓடும் தண்ணீரில் புழு நிற்காது, நீங்கள் ஊற்றியதும் நிற்காது. அடைப்பெடுத்தும் தேங்குகிற மூலைக்கு மட்டும் ஊற்றுங்கள்.

கூட்டுப்புழு நிறைய இருக்கிற தண்ணீரைக் கரைசலுக்குக் காத்திருக்காமல் எப்படியாவது இறைத்துவிடுங்கள். கட்டிட வேலை நடக்கும் இடத்தில் கான்கிரீட் தளத்தின் மேல் பாத்தி கட்டி நிறுத்துகிற தண்ணீரும் அப்படித்தான், அதற்குப் பதில் ஈரச் சாக்கு போடச் சொல்லுங்கள், அல்லது வாரம் ஒரு நாள் வடித்துவிட்டு மறுபடி நிரப்பச் சொல்லுங்கள்.

9. ஊற்றக் கூடாத இடங்கள்

குடிக்கிற, சமைக்கிற, குளிக்கிற தண்ணீர் எதிலும் வேப்பெண்ணெய் கூடாது. மாநகராட்சி அல்லது ஊராட்சிப் பணியாளர்கள் டிரம்மில் விட்டுப்போகிற அபேட் என்ற புழுக்கொல்லி மருந்து, குடிநீருக்கென்று அளவு நிர்ணயித்தது, அதை ‘கெமிக்கல்’ என்று கொட்டிவிட்டு வேப்பெண்ணெய் ஊற்றுவது இரட்டை நஷ்டம்.

மீன் உள்ள இடத்திலும் கூடாது. கண்மாய், ஊருணி, மீன் தொட்டி எதிலும் ஊற்றாதீர்கள், மீனுக்கும் மற்ற நீர்வாழ் உயிர்களுக்கும் கெடுதல். பாழுங்கிணறு இருந்தால் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா, கப்பி மீன் விடுவதுதான் சரி, சுகாதாரத் துறையினரிடம் கேட்டால் சொல்வார்கள். மீனும் வேப்பெண்ணெயும் ஒரே தண்ணீரில் சேரக் கூடாது.

10. பறக்கிற கொசுவுக்கு: புகை, செடி, ஊதுபத்தி

வேப்பிலை, நொச்சி இலைப் புகை கொசுவை விரட்டும், கொல்லாது. புகை அடங்கியதும் திரும்பி வரும். மாட்டுத் தொழுவத்தில் சாயங்காலம் மூட்டம் போடுவது நல்ல பழக்கம், திறந்த இடம், மாட்டுக்கு நிம்மதி. அதையே ஜன்னலை அடைத்த படுக்கையறையில் செய்தால் ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தையும் படுகிற பாட்டுக்கு அளவில்லை. டெங்குக்காகச் சாயங்காலப் புகையை நம்புவதிலும் பொருளில்லை, அந்தக் கொசு பகல் முழுவதும் கடிக்கிறது.

நொச்சிச் செடியோ துளசியோ தொட்டியில் வைத்தால் கொசு வராது என்பதும் சரியல்ல. இலையைக் கசக்கினாலோ எரித்தாலோதான் அந்த எண்ணெய் காற்றில் வரும், செடி சும்மா நின்றால் வராது. நொச்சி வளருங்கள், நல்ல செடி, ஆனால் அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்காதீர்கள்.

கொசு விரட்டி மெஷினின் காலி பாட்டிலில் வேப்பெண்ணெயும் கற்பூரமும் ஊற்றிப் பயன்படுத்துகிற வழக்கம் பரவியிருக்கிறது. அந்த மெஷின் அதற்காகச் செய்ததல்ல, திரி கருகும், கற்பூரம் எளிதில் தீப்பிடிக்கும். வேண்டாம்.

‘ஹெர்பல்’ என்று எழுதிய கொசு ஊதுபத்தியை வாங்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டில் வீட்டுக் கொசு மருந்துகள் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு எண்ணும், நச்சு அளவைக் காட்டும் வண்ண முக்கோணம் உள்ள கட்டமும் பெட்டியில் இருக்கும். இரண்டும் இல்லாத பத்தியில் என்ன மருந்து போட்டிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, இலைப் படம் போட்டால் இலையாகிவிடாது.

11. தோலில் பூசுவது

100 மி.லி.யில் 2 மி.லி. வேப்பெண்ணெய், மீதி 98 தேங்காய் எண்ணெய். இதற்கு மேல் கூட்டினால் எரிச்சல்தான் கூடும். முழங்கையின் உட்பக்கம் ஒரு துளி தடவி ஒரு நாள் விட்டுப் பார்த்து, தடிப்பு இல்லையென்றால் கை கால்களில் பூசுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும், வேர்த்தால் இன்னும் சீக்கிரம். மலேரியாக் கொசுவுக்கு இது ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது, ஏடிஸுக்கு அவ்வளவு இல்லை, எனவே டெங்கு பரவும் நாள்களில் இதை மட்டும் நம்பிக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதீர்கள். முழுக்கைச் சட்டை போட்டு அனுப்புங்கள்.

தாவரத்திலிருந்து வருகிறதில் நீண்ட நேரம் தாங்குவது, எலுமிச்சை வாசனை யூக்கலிப்டஸ் மரத்திலிருந்து எடுக்கிற பிஎம்டி என்ற பொருள். கடையில் கிடைக்கிற நீலகிரித் தைலம் வேறு வகை யூக்கலிப்டஸ், அதில் பிஎம்டி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்று என்று நினைத்துத் தைலத்தைத் தேய்ப்பவர்கள் பலர். பிஎம்டியையும் 3 வயதுக்குக் கீழே பயன்படுத்தக் கூடாது. சிட்ரொனெல்லா, எலுமிச்சைப்புல் எண்ணெய் போன்றவை வாசனையாக இருக்கும், ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும், திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசப் போதும்.

கைக்குழந்தைக்கு எந்த எண்ணெயும் வேண்டாம். பகல் தூக்கத்துக்கும் கொசுவலை கட்டுங்கள். ராத்திரி மட்டும் வலை கட்டுகிற வீடுகளில் டெங்கு கொசு பகலில் தன் வேலையை முடித்துவிடுகிறது.

12. நெல் வயல் பக்கம் இருப்பவர்களுக்கு

மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கம் நடவு முடிந்து தண்ணீர் நிற்கிற வயலில் பெருகும் கியூலெக்ஸ் வகைகள், ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பக்கூடியவை. வயலுக்கு வீட்டுக் கரைசல் கட்டுப்படியாகாது. மதுரையில் இயங்கிய ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தினர் 1990களில் இங்குள்ள வயல்களில் வேப்பம் புண்ணாக்கும் அதைப் பூசிய யூரியாவும் போட்டுப் பார்த்தபோது கொசுப்புழு குறைந்தது, தண்ணீரை நிறுத்தி நிறுத்திக் கட்டியபோது இன்னும் நன்றாகக் குறைந்தது. நம்ம விவசாயிகள் சொல்கிற காய்ச்சலும் பாய்ச்சலும்தான் அது. மண் லேசாக வெடிக்கிற வரை காயவிட்டு அடுத்த தண்ணீர் கட்டினால் புழு வளர நாள் கிடைக்காது, தண்ணீரும் மிச்சம்.

இப்போது கடையில் வருகிற வேம்பு பூசிய யூரியாவை இதற்கு ஈடாக எண்ண வேண்டாம். அந்த மெல்லிய பூச்சு தழைச்சத்து மெதுவாகக் கரைவதற்காகப் போட்டது.

13. மூன்று வாரம் ஆகியும் குறையவில்லையென்றால்

கரைசலின் அளவைக் கூட்டாதீர்கள். முதலில் உங்கள் தாளை எடுத்துக்கொண்டு கூட்டுப்புழுவை மட்டும் தேடி மறுபடி சுற்றுங்கள். நான் பார்த்தவரை அது சன்ஷேடு, மீட்டர் குழி, மாடித் தொட்டி இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

உங்கள் வீட்டில் எங்கும் இல்லையென்றால் பக்கத்தில் பாருங்கள். ஏடிஸ் அதிகம் பறக்காது, பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். ஆகவே உங்களைக் கடிக்கிறது உங்கள் தெருக் கொசு. தெருவில் எல்லாரும் ஒரே நாளில் கொட்டித் தேய்த்தால் அடுத்த வாரமே வித்தியாசம் தெரியும், ஆளுக்கு ஒரு நாள் என்றால் ஒரு வீட்டுக் கொசு அடுத்த வீட்டு டிரம்மில் முட்டை வைத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் வரும் நாள் எல்லாருக்கும் ஒன்று என்பதால், முந்தின நாள் சாயங்காலம் என்று பேசி வைப்பது எளிது.

பூட்டிக் கிடக்கும் வீடும் வேலை நின்றுபோன கட்டிடமும் இருந்தால் நீங்களே சுவரேறிக் குதிக்காமல், வார்டு சுகாதார ஆய்வாளரிடம் முகவரியோடு எழுதிக் கொடுங்கள். முடிந்தால் மாடியிலிருந்து தெரிகிற தண்ணீரை போட்டோ எடுத்து இணையுங்கள்.

இதற்கிடையில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நிலவேம்புக் குடிநீர் குடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், கடையில் கேட்டு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள், டெங்குவாக இருந்தால் அவை ரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல்காரரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கவையுங்கள். அவரைக் கடிக்கிற கொசுதான் அடுத்தவருக்குக் கொண்டுபோகும்.